முறைப் பட்டியலின் ஒரே பிரதி

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. திங்கட்கிழமை காலை என் அண்ணியின் லேப்டாப் திறக்கவில்லை. நீலத் திரை வந்தது, பழுது பார்ப்பதாகச் சொன்னது, அணைந்தது. மறுபடியும் நீலத் திரை.
2. இந்தப் பருவத்து மீன்பிடி முறைப் பட்டியல் அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை முதல் முறை தொடங்க வேண்டும்.
3. திங்கள் மாலை அண்ணி லேப்டாப்பை என்னிடம் கொடுத்தாள்.
4. செவ்வாய் காலை பதினொன்றரை மணிக்குள் பட்டியல் என் கைக்கு வந்துவிட்டது.
5. வந்துவிட்டது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. செவ்வாயும் சொல்லவில்லை, புதனும் சொல்லவில்லை.
6. வியாழக்கிழமை சொல்லலாம் என்று கிளம்பியபோது நேரம் கடந்திருந்தது.

என் வேலையில் ஒரு கோளாறு தீர்ந்ததும் இப்படித்தான் எழுதி மேலே அனுப்ப வேண்டும். என்ன நடந்தது, எப்போது, யார் கையில். ஏன் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. ஐந்தாம் எண்ணுக்கு மட்டும் அந்தக் கட்டம் தேவைப்படுகிறது. மீதியை அதற்காக எழுதுகிறேன்.

காரணம், எனக்கு அண்ணி மேல் பொறாமை. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு கோட்டைக்குப்பத்திலிருந்து எங்கள் குப்பத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. என்னைவிட ஒரு வயது சின்னவள். அதனால் அண்ணி என்று கூப்பிட்டாலும் நீ, வா, போதான்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள். நாலு வருடப் படிப்பு, அதற்கு மேல் இரண்டு சான்றிதழ். சென்னையில் மூன்று வருடம் லேப்டாப் பழுது பார்க்கும் இடத்தில் இருந்தேன். இப்போது வீட்டிலேயே உட்கார்ந்து வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்குத் தொலைபேசியில் கோளாறு சரிசெய்யும் வேலை. எங்கோ இருக்கும் ஒருவருக்கு எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லி, அழிந்துபோன கோப்புகளை மீட்டுக் கொடுப்பேன். அவர்கள் நன்றி சொல்வார்கள். எங்கள் தெருவில் ஒருத்திகூட என்னிடம் கோளாறு என்று வந்ததில்லை.

அண்ணி படித்தது பன்னிரண்டாம் வகுப்பு. பிறகு ஆறு மாதம் டைப்பிங். அவள் அப்பா வாங்கிக் கொடுத்த, யாரோ பயன்படுத்திய லேப்டாப் ஒன்றோடு வந்தாள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, ஆதாரில் விலாசம் மாற்ற, மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்குப் படிவம் போட, எல்லோரும் அவளிடம்தான் வந்தார்கள். வாசலிலிருந்து அவள் இருக்கும் சமையற்கட்டுக்குப் போக என் அறையைத் தாண்ட வேண்டும். கதவு திறந்திருக்கும். கையில் செல்போனோடு உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். "உங்க அண்ணி உள்ள கீதா?" என்பார்கள். கீது என்று கை காட்டுவேன்.

அம்மாவிடம் ஒரு முறை கேட்டேன். அம்மா வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"நீ காதுல மாட்டிக்கினு இங்கிலீஷ்ல பேசிக்கினு குந்தினு கீற. உன்ன யாரு கூப்புடுவா? அவ கூப்புட்டா வர்றா. வந்து சிரிக்கிறா."

"நானும்தான் சிரிப்பேன்."

"எங்க, சிரி பாப்போம்" என்றாள் அம்மா. அப்போதும் நிமிரவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது முறைப் பட்டியல்.

வெளியூர்க்காரர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். பழவேற்காடு ஏரியில் இறால் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் படாது. கடல்தண்ணீர் உள்ளே ஏறும் முகத்துவாரத்தை ஒட்டிச் சில இடங்களில் நன்றாகப் படும், தள்ளிப்போகப் போகக் குறையும், தெற்கே சேற்றுப் பக்கம் நண்டுதான். இந்த இடங்களுக்குப் பாடு என்று பெயர். எந்த நாளில் எந்தப் பாடு யாருக்கு என்பதை ஊர் கூடிக் குலுக்கிப் போடும். சேர்ந்து தொழிலுக்குப் போகும் குழுவுக்குச் செட்டு என்று பெயர், ஒவ்வொரு செட்டுக்கும் முறை வரும். தன் முறையில்தான் கட்டுவலை ஊன்றலாம். அந்த வரிசை எழுதிய தாள்தான் முறைப் பட்டியல்.

அந்தப் பட்டியலுக்கு ஒரு விதி உண்டு. ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். என் அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் நைனாவுக்கு, மீசை முளைக்காத வயதில் ஒரு பருவம் இரண்டு நோட்டு இருந்துவிட்டதாம். ஒன்றில் ஒரு நாள், மற்றொன்றில் வேறு நாள். இரண்டு செட்டு ஒரே விடியலில் ஒரே இடத்துக்கு வலையோடு போய்த் துடுப்பால் அடித்துக்கொண்டதில் ஒருவருக்குக் கண் போனது. அன்றிலிருந்து நகல் எடுக்கக் கூடாது. போட்டோ எடுக்கக் கூடாது. குலுக்கிய சீட்டுகளையும் அங்கேயே கிழித்து ஏரியில் விட்டுவிடுவார்கள். ஒன்றுக்கு மூன்று பிரதி வை, அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும் என்று சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்கிற எனக்கு இது எவ்வளவு எரிச்சல் என்று சொல்ல வேண்டியதில்லை.

போன வருட மழையில் ஊர்த் தலைவர் வீட்டு பீரோவுக்குள் தண்ணீர் புகுந்து நோட்டு கூழாகிவிட்டது. தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கூடத்தில்தான் இருந்தேன். மடியில் லேப்டாப்கூட இருந்தது. அவர் என்னைத் தாண்டி சமையற்கட்டுப் பக்கம் பார்த்து, "இனிமே பட்டியல கம்ப்யூட்டர்ல போட்டு வெச்சிக்கலாம்னு முடிவு பண்ணிக்கீறோம். நீ பாத்துக்கம்மா" என்றார். அண்ணி ஈரக்கையோடு வந்து நின்றாள்.

நைனாதான் கேட்டார். "எங்க பொண்ணு அதுக்குன்னே படிச்சிருக்குதே."

"அது படிப்பு தெரியும் எனக்கு" என்றார் தலைவர். "இல்லேங்கல. நாளைக்கு அது கல்யாணம் பண்ணிக்கினு வேற ஊருக்குப் பூடும். ஊர்ப் பட்டியலு கூடவே போவும். இது இங்கியே இருக்கப்போற பொண்ணு."

யாரும் மறுக்கவில்லை. அதில் தப்பாக ஒன்றும் இல்லை என்பதுபோல எல்லோரும் டீ குடித்தார்கள். டீ போட்டது நான்.

அண்ணிக்கு அன்றைக்கு முகம் எப்படி இருந்தது என்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. லேப்டாப்பைத் துடைத்துத் துணி சுற்றி அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள். கோவில் நகையை வீட்டில் வைத்திருப்பவள் மாதிரி அடிக்கடி அந்தப் பக்கம் பார்த்தாள்.

திங்கள் மாலை அதே துணியோடு என் அறைக்கு வந்தாள்.

"நேத்து அப்டேட்னு வந்துது. சரின்னு உட்டேன். காலைலேர்ந்து நீலமாவே கீது."

"ரெகவரில போய்ப் பார்த்தியா?"

"எல்லாம் பாத்தேன். திருப்பி மொதல்லேர்ந்து போடறேன்னு சொல்லுது, அப்பறம் அதுக்கு வேண்டிய ஃபைல காணோம்னு சொல்லுது."

"பட்டியல் எங்க வெச்சிருந்த?"

"டி டிரைவ்ல. அதுல ரெகவரின்னு பேரு போட்டு இருந்துது. இன்னா போனாலும் அதுலேர்ந்து திரும்பி வரும்னுதானே அந்தப் பேரு? அதான் பட்டியல அதுக்குள்ள வெச்சேன்."

"சி டிரைவ்லயும் ஒண்ணு இருக்கா?"

"அது எப்டி? ஒண்ணுதான் இருக்கணும்னு சொல்லிக்கீறாங்களே. கட் பண்ணித்தான் அதுல போட்டேன்."

டி டிரைவில் ஒரு பெரிய கோப்பு இருந்திருக்க வேண்டும். வாங்கிய அன்று லேப்டாப் இருந்த நிலைக்குத் திரும்புவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் சுருக்கி அடைத்த கோப்பு. அதைப் பற்றிக் கேட்டேன். முழு இடத்தையும் அடைத்துக்கொண்டு சும்மா கிடந்தது, அழித்துவிட்டுப் பட்டியலையும் கல்யாண போட்டோவையும் வைத்தேன் என்றாள். மீட்பதற்கு இருந்ததை அழித்துவிட்டு, மீட்க வேண்டியதை அங்கே வைத்திருக்கிறாள்.

"டியும் சியும் ஒரே டிஸ்க்தான் அண்ணி."

"வேற பெட்டி இல்லியா?"

"ஒரே பெட்டி. நடுவுல ஒரு பலகை."

லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தாள். "அப்ப பெட்டி முழுகினா ரெண்டும் முழுகிடும்."

சென்னையில் இதைப் படித்தவர்களுக்குப் புரியவைக்கக் கால் மணி நேரம் ஆகும். அவளுக்கு ஒரு வாக்கியத்தில் புரிந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"பட்டியலு மட்டும் வந்தா போதும்" என்றாள். "போட்டோ போனா போவட்டும்."

அவளுடைய கல்யாணப் போட்டோ அது. போனால் போகட்டும் என்கிறாள் என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. இல்லை, கவனித்தேன். கவனித்துவிட்டு, அவ்வளவு பெரிய ஆளாகிவிட்டாளா என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை மதியத்துக்கு மேல்தான். காலையில் என் பென் டிரைவிலிருந்து அந்த லேப்டாப்பைத் திறந்தேன். டிஸ்க் கொஞ்சம் தேய்ந்திருந்தது, ஆனாலும் படித்தது. டி டிரைவ் அப்படியே இருந்தது. கல்யாணப் போட்டோ, அவள் தங்கையின் மதிப்பெண் சான்றிதழ், பிறகு பட்டியல். எல்லாவற்றையும் பென் டிரைவுக்கு எடுத்தேன். மொத்தமாக இருபது நிமிட வேலை.

பட்டியலைத் திறந்து பார்த்தேன். திறந்திருக்கக் கூடாது. வெறும் பெயரும் தேதியும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு பாடுக்கும் ஒரு நிறம் கொடுத்திருந்தாள். ஒரே செட்டுக்கு நல்ல இடமும் மோசமான இடமும் எத்தனை முறை வருகிறது என்று கீழே கூட்டிக் காட்டியிருந்தாள். பக்கத்தில் தண்ணீர் ஏறும் நேரம், இறங்கும் நேரம். யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. நான் செய்திருந்தால் நிறம் கொடுத்திருப்பேன். தண்ணீரின் நேரம் எனக்குத் தோன்றியிருக்காது.

வெள்ளிக்கிழமை, முகத்துவாரப் பாடு, என் அண்ணன் செட்டு. அதையும் பார்த்தேன்.

கூப்பிட்டுச் சொல்லத்தான் எழுந்தேன். பின்கட்டில் அவளும் அம்மாவும் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா எதையோ சொல்ல, அத்தனை கவலையிலும் அவள் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். நான் லேப்டாப்பை மூடினேன்.

நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டு அவளே என் அறை வாசலில் வந்து நின்றாள். "இன்னா, கெடைக்குமா?"

"ரெண்டு நாள் ஆகும். கெடைக்கலாம். கெடைக்காமலும் போலாம்."

இந்த வாக்கியத்தை வேலையில் தினமும் சொல்கிறேன். எப்போதும் உண்மையாகத்தான் சொல்வேன்.

என் திட்டம் இது. வியாழன் மாலை கோவில் முன்னால் எல்லோரும் கூடுவார்கள். மறுநாள் முதல் முறை என்பதால் பட்டியலைப் படித்தே ஆக வேண்டும். அந்த நேரத்தில் பென் டிரைவோடு போய் நிற்பேன். தலைவரிடம், கிடைத்துவிட்டது மாமா என்று மட்டும் சொல்வேன். வேறு எதுவும் சொல்ல மாட்டேன். அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறையாகச் சொல்ல மாட்டேன் என்றும் முடிவு செய்திருந்தேன். அதை நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை ஆறேழு பேர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பட்டியல் இல்லாவிட்டால் என்ன, அவரவர் முறை அவரவருக்கு ஞாபகம் இருக்கிறது, சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளலாம் என்று தலைவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஞாபகம் எல்லோருக்கும் இருந்தது. வெள்ளிக்கிழமை முகத்துவாரம் தனக்கு என்று மூன்று பேருக்கு ஞாபகம் இருந்தது. சேற்றுப் பக்கம் யாருடையது என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

"சேத்துப் பாடு இந்த வருசம் யாருக்குமே உழலியா?" என்றார் தலைவர். "ஏரியே சுருங்கிப்போச்சாப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. "எனக்குத்தான் முகத்துவாரம். குலுக்கன அன்னிக்கே அவ எழுதிக் காட்னா" என்றான்.

"யாரு காட்னா?"

"என் பொண்டாட்டி."

"ஆங், கரெக்ட்டு" என்றார் எதிர்வீட்டுக்காரர். "பட்டியலு உன் ஊட்ல. மொத நாளு முகத்துவாரம் உனுக்கு. இப்ப பாத்து லேப்டாப்பு படுத்துக்கிச்சு. நல்லா கீதுபா உன் பொழப்பு."

"இன்னாடா சொல்ற?"

"நான் இன்னா சொன்னேன்? நல்லா கீதுன்னேன்."

அண்ணன் படியிலிருந்து இறங்கினான். நைனா கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் என் மேசை, மேசையின் இழுப்பறைக்குள் பென் டிரைவ். என் காதில் ஹெட்செட். எங்கோ ஒருவருக்கு, பயப்படாதீர்கள், உங்கள் கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மதியம் அண்ணி சாப்பிடவில்லை. அம்மா என் அறைக்கு வந்தாள்.

"இவ்ளோ படிச்சியே, அந்தப் பட்டியல எடுத்துக் குடுக்க முடியாதா உன்னால?"

அந்த நிமிடம் சொல்லியிருப்பேன். வாய் திறந்துவிட்டேன். அதற்குள் அம்மா, "அந்தப் பொண்ணு மூஞ்சிய பாக்க முடியலடி" என்றாள். அம்மாவின் கண் கலங்கியிருந்தது. நான் சென்னையில் மூன்று வருடம் விடுதியில் கிடந்தபோது இந்தக் கண் இப்படிக் கலங்கியதாக எனக்குத் தெரியாது.

"பாத்துக்கினுதாம்மா கீறேன்" என்றேன்.

வியாழக்கிழமை காலை வேலை. ஒரு மணிக்கு முடிந்தது. காதிலிருந்து எடுத்ததும் வீடு அமைதியாக இருப்பது தெரிந்தது. பின்கட்டில் யாரும் இல்லை. அடுப்பில் சோறு வடிக்காமல் கிடந்தது. தெருவில் கோவில் மைக் சத்தம்.

பென் டிரைவை எடுத்துக்கொண்டு நடந்தேன். கோவிலை நெருங்க நெருங்கத்தான் மைக்கில் என்ன சொல்கிறார்கள் என்று புரிந்தது. எண்ணும் பெயரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் குலுக்குகிறார்கள்.

ஆண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தள்ளி, மதிலை ஒட்டி. ஊர்க் கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை. வந்து நிற்பதே எப்போதாவதுதான். பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"இப்பதான் வர்றியா? உங்க அண்ணிய பாத்திருக்கணும் நீ."

"இன்னா பண்ணுச்சு?"

"பதினோரு மணிக்கு நேரா தலைவருகிட்ட வந்துச்சு. எல்லாரும் இருந்தாங்க. 'தப்பு என்னுது. பட்டியலு போச்சு. அது கெடைக்கும் கெடைக்கும்னு உங்கள குந்த வெச்சிக்கினு இருக்க எனுக்கு மனசு வரல. எங்க ஊட்டுக்காரரு சொல்ற முறைய நம்ப வாணாம். திருப்பி குலுக்கிடுங்க'ன்னுச்சு. ஒருத்தன் வாயத் தொறக்கல தெரியுமா? அந்த எதிர்வூட்டுக்காரன் தலய குனிஞ்சிக்கினான்."

மதிலின் கோடியில் அண்ணி நின்றிருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, நேராக. அழுதிருக்கவில்லை. நான் அவள் இடத்தில் இருந்தால் மூன்று பக்க விளக்கம் எழுதியிருப்பேன். டிஸ்க் தேய்ந்திருந்தது, அப்டேட் பாதியில் நின்றது, மீட்புப் பகுதி காலியாக இருந்தது என்று. அவள் தப்பு என்னுது என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டாள். அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கம் வந்திருக்க வேண்டிய இடம் அது. முதலில் வந்தது பொறாமைதான்.

குலுக்கல் முடிந்தது. வெள்ளிக்கிழமை முகத்துவாரம் கடைசித் தெருவில் இருக்கும் ஒரு வயதான மீனவரின் செட்டுக்கு விழுந்தது. "வருசா வருசம் இந்த லேப்டாப்பு சாவட்டும்பா" என்று கத்தினார். கூட்டம் சிரித்தது. என் அண்ணனுக்குப் பதினோராம் நாள், தெற்கே சேற்றுப் பக்கம். சீட்டுகளைக் கிழித்து ஏரியில் விட்டார்கள். புதுப் பட்டியலை ஒரு நோட்டில் எழுதித் தலைவர் மடியில் வைத்துக்கொண்டார்.

எழுந்து போகும்போது என்னைப் பார்த்து நின்றார். "இன்னாம்மா, எதுனா கெடச்சுதா?"

கிடைத்தது என்று சொன்னால் அந்த நிமிடத்திலிருந்து ஊரில் இரண்டு பட்டியல். ஒன்றில் முகத்துவாரம் என் அண்ணனுக்கு, ஒன்றில் அந்த மீனவருக்கு. விடிந்தால் வலை ஊன்ற வேண்டும்.

"இல்ல மாமா" என்றேன்.

அந்தப் பொய்க்கு நல்ல காரணம் இருந்தது. முதல் பொய்க்கு இல்லை.

மாலைக்குள் அண்ணியின் லேப்டாப்பில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவினேன். அவளிடம் கொடுத்து, பென் டிரைவையும் கொடுத்தேன். கல்யாணப் போட்டோவும் தங்கையின் சான்றிதழும் இதில் இருக்கிறது, நீயே உள்ளே போட்டுக்கொள் என்றேன். பட்டியலை மட்டும் அதற்கு முன்பே வெளியே எடுத்து என் லேப்டாப்பில் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் யோசித்துச் செய்ததாகத்தான் நினைப்பு.

எந்த பேக்கப் எடுத்தாலும் அந்த ஃபோல்டருக்கு நான் வைக்கும் பெயர் அன்றைய தேதியும் நேரமும்தான். கை தானாக வைத்துவிடும். அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பென் டிரைவைத் திறந்தாள். ஃபோல்டரின் பெயர்மேல் விரலை வைத்தாள்.

"இது செவ்வாக்கெழம தேதி."

இன்னும் கிட்டக் குனிந்து படித்தாள்.

"பதினொண்ணு இருவத்தாறு. நான் வந்து கேட்டேனே, கெடைக்குமான்னு. அதுக்கு முன்னாடியே எட்த்துட்டியா?"

"ஆமா அண்ணி."

"பட்டியலும் இருந்துதா?"

"இருந்துது."

"அண்ணனுக்கு முகத்துவாரம்னு இருந்துதா?"

"இருந்துது."

கத்துவாள் என்று காத்திருந்தேன். லேப்டாப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நேத்து அத்தினி பேரு முன்னாடி உங்க அண்ணன் பொய் சொல்லுதுன்னு சொன்னாங்க. நீ ஜன்னலுக்கு இந்தாண்டதானே குந்தினு இருந்த?"

"எனக்கு உன் மேல பொறாமை" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "அந்தப் பட்டியல உன்கிட்ட குடுத்தாங்கன்னு."

"எனக்கு இன்னா கீதுன்னு பொறாம?" என்றாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது மாதிரி கேட்டாள். "நீ படிச்சிட்ட. சம்பளம் வாங்கற. கதவ சாத்திக்கினா யாரும் உன்ன கூப்புட மாட்டாங்க. நான் காலைலேர்ந்து இறா உரிக்கிறேன், நண்டு கழுவறேன், எவ கூப்புட்டாலும் ஓடறேன். அந்த ஒரு வேலதான் எனக்குன்னு குடுத்தாங்க. பன்னெண்டாவது படிச்ச பொண்ணுன்னு நெனச்சி குடுத்தாங்க."

அவள் கதவைச் சாத்த முடியாது என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. என் கதவுக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

"அண்ணன்கிட்ட சொல்லு" என்றேன்.

"எதுக்கு? அதுக்குக் கோவம் வரும். உன்கூட சண்ட போட்டுக்கினு இங்கியே நிக்கும். அத்த அழுவாங்க. அப்பறம் ஊர்ல சொல்லும், முகத்துவாரம் எனக்குத்தான்னு. அங்க துடுப்ப தூக்குவானுங்க." எழுந்தாள். "பட்டியலு இப்ப எங்க கீது?"

"என் லேப்டாப்ல."

"அழி. என் கண்ணு முன்னாடி அழி."

அழித்தேன். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தேன். பென் டிரைவையும் துடைக்கச் சொன்னாள். போட்டோக்களை முதலில் எடுத்துக்கொள் என்றேன். எடுத்துக்கொண்டாள். பிறகு பென் டிரைவைத் துடைத்தேன். முடியும்வரை அவள் நகரவில்லை.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது உள்ள நிலை இது. முறைப் பட்டியல் நோட்டில்தான் இருக்கிறது, தலைவர் வீட்டில், பீரோவின் மேல் தட்டில். அதை மறுபடி கம்ப்யூட்டரில் போடும் பேச்சு எழவில்லை. அண்ணன் சேற்றுப் பக்கம் போய் நண்டோடு வருகிறான். ஒரு முறை முகத்துவாரமும் வந்தது, சுமாராகப் பட்டது. அண்ணி வெளி டிஸ்க் ஒன்று வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் தானே பேக்கப் எடுக்கிறாள். மீட்புக்கென்று தனிப் பென் டிரைவும் செய்து, பெயர் எழுதி ஒட்டி வைத்திருக்கிறாள். இரண்டையும் செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள், என்னிடம் கேட்கவில்லை. மற்றதெல்லாம் பேசுகிறாள். அண்ணனிடமோ அம்மாவிடமோ இதுவரை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தெருப் பெண்கள் இன்னமும் என் அறையைத் தாண்டித்தான் அவளிடம் போகிறார்கள். எனக்குப் பொறாமை குறையவில்லை.